திறக்காத பெட்டிக்குள்ளும் வயதாகும் ரோபோ

கோலாலம்பூர் சுங்கை வாங் பிளாசாவின் பொம்மைக் கடைகளானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் கூடும் பழம்பொருள் சந்தையானாலும் சரி, காராக மாறக்கூடிய ரோபோ பொம்மையைக் கையில் எடுத்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும்: "பெட்டியே பிரிக்கல தம்பி, அப்படியே புதுசு." அந்த ஒரு சொல்லுக்கே விலை எகிறும். நம் ஊர்ச் சூட்டில் அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை என்பேன். பார்க்க வேண்டியது மூட்டுகளை, அப்புறம் பிளாஸ்டிக்கை.

1984-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ, ஜப்பானின் தகாரா நிறுவனம் ஏற்கெனவே செய்துவந்த பொம்மைகளை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அன்றைய ரோபோக்கள் பலவற்றுக்கு முழங்காலே சரியாக மடங்காது. 2003-இல் தகாரா தொடங்கிய மாஸ்டர்பீஸ் வரிசை பெரியவர்களான ரசிகர்களைக் குறிவைத்தது. மூட்டுகள் கூடின. மூட்டு கூடினால் தளரக்கூடிய இடமும் கூடும்.

மூட்டில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று உராய்வு மூட்டு. துளையைவிட ஒரு மயிரிழை பெரிய ஊசியை, அதாவது மூட்டைக் கோக்கும் சிறு தண்டை, உள்ளே இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கம் தரும் உராய்வுதான் கையை உயர்த்திய இடத்தில் நிறுத்துகிறது. ஆனால் விடாமல் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இளகி வழிவிடும். சூடு கூடினால் இது இன்னும் வேகமாக நடக்கும். ஊசி துளையை அழுத்திக்கொண்டே இருப்பதற்கு யாரும் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லையே! மதியம் கொதிக்கும் ஸ்டோர் ரூமில் பல வருஷம் கிடந்த 'புது' ரோபோவின் முழங்கால் தொளதொளவென்று இருப்பது இதனால்தான்.

மற்றது பற்சக்கர மூட்டு. ஸ்பிரிங் ஒன்று பல்லிடுக்கில் விழுந்து 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். 24 பல் இருந்தால் 15 பாகைக்கு ஒருமுறைதான் நிற்கும், இடையில் நிறுத்த முடியாது. பளு தாங்கும் இடுப்புக்கும் தோளுக்கும் இதுவே நல்லது.

சோதிப்பது எளிது. ரோபோவின் உடலைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நேராக முன்னே நீட்டுங்கள். கால் தரைக்கு இணையாக இருக்கும்போதுதான் அதன் எடை மூட்டை மிக அதிகமாக முறுக்கும். அந்த நிலையில் பாதம் தொங்காவிட்டால் முழங்கால் நன்றாக இருக்கிறது. பிறகு நிற்க வைத்துப் பாருங்கள். காரின் கதவு, கூரையெல்லாம் ரோபோவின் முதுகில் மடங்கித் தொங்குவதால் எடை பின்னால் சாயும். புவியீர்ப்பு மையம் பாதத்தின் பரப்புக்கு மேலே இருக்கும்வரைதான் அது நிற்கும். நல்ல வடிவமைப்பாளர் குதிகாலில் ஒரு சிறு முட்டு வைத்திருப்பார்.

பிளாஸ்டிக்கின் கதை இன்னும் சுவையானது. பெரும்பாலான பாகங்கள் ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக். கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் அதற்குள் பரவிக் கிடக்கின்றன. அடி விழுந்தால் சட்டென்று உடையாமல் காப்பவை அவைதாம். ஊசி நுழையும் இடத்தைச் சுற்றி வெண்மையாக ஒரு கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தெரிந்தால், அங்கே அழுத்தம் தாங்காமல் நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பொருள். விரிசலுக்கு முன்னறிவிப்பு அது. வெள்ளை ரோபோ மஞ்சளாவதற்கும் இந்த ரப்பர் ஒரு முக்கியக் காரணம். வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து வலுவிழக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி மீண்டும் வெள்ளையாக்கலாம், போன வலு திரும்பாது. அதனால் மஞ்சள் ரோபோவைவிட, பழையதாயிருந்தும் பளிச்சென்று இருக்கும் வெள்ளை ரோபோவைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன்.

கண்ணாடி போன்ற பாகங்களில் பெரும்பாலும் அந்த ரப்பர் இருக்காது. முன்கண்ணாடியின் கீல் முதலில் உடைவது அதனால்தான். 80-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த, மினுங்கும் துகள் கலந்த சில தங்கநிறப் பாகங்களின் நிலை இன்னும் மோசம். முதல்முறை திருப்பும்போதே நொறுங்கிவிடும், பெட்டி பிரிக்காததாக இருந்தாலும்.

போலியைப் பிடிக்கவும் பிளாஸ்டிக்கே உதவும். அச்சில் ஊற்றிய ஏபிஎஸ் ஆறும்போது சுமார் 0.5% சுருங்கும். அசலையே மாதிரியாக வைத்து அச்செடுத்து, அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டாமல் விட்டால், 200 மில்லிமீட்டர் ரோபோ 1 மில்லிமீட்டர் குறையும். நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் கருவி இருந்தால் போதும். ஆனால் அளவை வேண்டுமென்றே மாற்றிச் செய்யும் போலிகளும் உண்டு, அங்கே இது செல்லாது.

முழங்கால் மட்டும் தளர்ந்திருந்தால் பேரம் பேசி வாங்கலாம். நீரில் கரையும் அக்ரிலிக் தரைப் பாலிஷை ஊசியில் மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் மாட்டுங்கள். நகப்பூச்சு வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் ஏபிஎஸ்ஸை அரித்துவிடும்.