“இரு, வரேன்” என்ற சொல்லின் எடை

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் அவருடைய குழுவினரும் நடத்திய ஒரு சோதனை 2013இல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் 28 குழந்தைகள், மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்கள். மேசை மேல் ஒரு ஜாடி, அதற்குள் பழைய கிரேயான்கள். “இதை வைத்தே வரையலாம். கொஞ்சம் பொறுத்தால் புதுசு கொண்டுவருகிறேன்” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அறையை விட்டுப் போவார். ஜாடியின் மூடி வேண்டுமென்றே இறுக்கி மூடப்பட்டிருந்ததால் குழந்தைகள் காத்திருந்தார்கள். இரண்டரை நிமிடம் கழிந்ததும் பாதிப் பேருக்குத் தட்டு நிறையப் புது வண்ணங்கள் வந்தன. மீதிப் பேரிடம் ஆய்வாளர் வெறுங்கையோடு வந்து, தவறாகச் சொல்லிவிட்டேன், வேறு எதுவும் இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். அடுத்து ஸ்டிக்கரை வைத்து இதே நாடகம் இன்னொரு முறை நடந்தது.

மூன்றாவதுதான் உண்மையான சோதனை. தட்டில் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். இப்போதே தின்னலாம், அல்லது ஆய்வாளர் திரும்பும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். அவர் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் 15 நிமிடம். முன்பு சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் 2 நொடி பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் பொறுத்தது 3 நிமிடம் 2 நொடி. கடைசிவரை காத்திருந்தவர்கள் முதல் குழுவில் 14க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒருவர்.

மிட்டாய்ச் சோதனை பழையது. வால்டர் மிஷல் அதை ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கினார். பொறுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு மனவுறுதி அதிகம், அது பிற்காலத்தில் நல்ல படிப்பையும் வாழ்க்கையையும் தரும் என்று பல பத்தாண்டுகள் பேசப்பட்டது. பெற்றோர் வீட்டில் மிட்டாய் வைத்துப் பார்க்கும் அளவுக்கு அது பரவியது, கொஞ்சம் பரிதாபம்தான். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

ஏமாந்த பிள்ளை உடனே தின்றதில் பலவீனம் எதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அனுபவமே இல்லாத ஒருவர், சொல் காப்பாற்றப்பட ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்று தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: காப்பாற்றப்பட்ட தடவைகளோடு 1ஐக் கூட்டி, மொத்தத் தடவைகளோடு 2ஐக் கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். இரண்டு முறை ஏமாந்த குழந்தைக்கு விடை 1/4, அதாவது 25 விழுக்காடு. இரண்டு முறையும் கிடைத்த குழந்தைக்கு 3/4. கையில் ஒன்று இருக்க, சொல் தவறினால் அதுவும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்காகக் காத்திருப்பது லாபம் ஆக 50 விழுக்காட்டுக்கு மேல் நம்பிக்கை வேண்டும். ஒரு குழந்தை அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது, மற்றது கீழே. இருவரும் கேட்டது ஒரே வாக்கியம், அதன் பொருள்தான் வேறு.

இதே சூத்திரத்தில், 38 முறை சொல் காப்பாற்றிய ஒருவர்மீது இருக்கும் நம்பிக்கை 39/40. அவர் அடுத்தடுத்து இரண்டு முறை தவறினாலும் 39/42, கிட்டத்தட்ட 93 விழுக்காடு. பழைய சிநேகிதர் ஒரு நாள் வராவிட்டால் “பஸ் கிடைக்கலையோ” என்று நாமே காரணம் தேடுவதும், புதிதாக அறிமுகமானவர் வராவிட்டால் “இவன் இப்படித்தான்” என்று முடிவு கட்டுவதும் இதனால்தான். மூளை இப்படிப் பின்னம் போட்டு உட்கார்ந்திருப்பதில்லை. முந்தைய இருப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாகத்தான் புதுச் செய்தி அதை அசைக்கும் என்ற போக்கைக் காட்டத்தான் இந்த எண்கள்.

அந்த முதல் இருப்பு சேர்வது பேச்சு வருவதற்கும் முன்னால். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் குழந்தைகள் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிய நீண்ட ஆய்வு 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. மூன்றரை வயதில் பார்த்தபோது, குடும்பத்துக்குப் போனவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்களிடம் வளர்ப்பவரோடு பாதுகாப்பான பிணைப்பு இருந்தது. காப்பகத்திலேயே விடப்பட்ட குழுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்தில் சேர்ந்தவர்கள் கூடுதலாக மீண்டார்கள்.

அனுபவம் மாற்றுவது சொல்லின் எடையை மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிவதையும்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சேத் போலக் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பயந்த முகம் சிறிது சிறிதாகக் கோப முகமாக மாறும் படவரிசைகளைக் குழந்தைகளிடம் காட்டினார். சோகத்திலிருந்து கோபத்துக்கு மாறும் வரிசையும் உண்டு. எந்தப் படத்திலிருந்து கோபம்? வீட்டில் அடி வாங்கி வளர்ந்த குழந்தைகளுக்கு அந்த எல்லைக்கோடு முன்னதாகவே வந்துவிட்டது. மற்றவர்கள் பயம் என்று சொன்ன கலவை முகங்களில் சிலவற்றை இவர்கள் கோபம் என்றார்கள். அடி விழும் வீட்டில் இது உயிர் காக்கும் திறமை, அரை நொடி முன்னால் தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம். அதே அளவுகோலை வகுப்பறைக்கு எடுத்துப் போகும்போதுதான் சிக்கல். கென்னத் டாட்ஜ் குழுவினர் 1990இல் காட்டியது அதன் அடுத்த கட்டம். சிறு வயதில் கடுமையாக அடிபட்ட பிள்ளைகளிடம், யாரோ தெரியாமல் இடித்தாலும் வேண்டுமென்றே இடித்ததாகப் பொருள் கொள்ளும் போக்கு கூடுதலாக இருந்தது. பதிலுக்குக் கை ஓங்குகிறார்கள், பிறகு எதிராளி உண்மையிலேயே பகையாகிவிடுகிறான்.

இதில் பிறவிக் குணத்துக்குப் பங்கு எவ்வளவு? அளப்பதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்து 1995இல் வெளியான அதன் முதல் வடிவத்தில், முகம் தெரியாத இருவர். முதலாமவர் கையில் 10 டாலர். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் மற்றவருக்கு அனுப்பலாம், போய்ச் சேரும்போது தொகை மூன்று மடங்காகும். மற்றவர் விரும்பினால் பங்கு திருப்பலாம், விரும்பாவிட்டால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. சுயநலத்தை மட்டும் பார்த்தால் யாரும் ஒரு காசும் அனுப்பக் கூடாது. ஆனால் 32 பேரில் 30 பேர் அனுப்பினார்கள், சராசரி 5.16 டாலர். திரும்பி வந்த சராசரி 4.66, அதாவது நம்பியவருக்குச் சின்ன நஷ்டம்.

ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இரட்டையர்களை இதே விளையாட்டில் உட்காரவைத்து 2008இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு சுமார் 10 முதல் 20 விழுக்காடு. பூஜ்யம் இல்லை, பெரும்பங்கும் இல்லை. நம்புகிறவர் வேறு, நம்பத் தகுந்தவர் வேறு என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருபவர் யார் என்பதை முன்கூட்டிக் காட்டும் குணம், தவறு செய்வதற்கு முன்பே குற்ற உணர்வு உறுத்தத் தொடங்கும் இயல்பு. கலகலப்பான பேச்சைவிட இது நல்ல அடையாளம், ஆனால் முதல் சந்திப்பில் கண்ணில் படாது.

நம்பிக்கையின்மை எளிதில் திருந்தாததற்கு இயந்திர ரீதியான காரணம் ஒன்று உண்டு. கைமாற்றுக் கொடுத்து ஏமாந்தால் அது தெரிந்துவிடும். கொடுக்காமல் விட்டு, அந்த ஆள் ஒழுங்காகத் திருப்பித் தந்திருப்பார் என்றால், அது ஒருநாளும் தெரியாது. நம் தவறுகளில் ஒரு வகை மட்டுமே நம்மிடம் திரும்பி வருகிறது. ஃபெட்சென்ஹவர், டன்னிங் என்ற இரு உளவியலாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் மற்றவர்களின் நேர்மையை உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். நம்பாமல் விட்ட ஆட்களும் என்ன செய்திருப்பார்கள் என்பதைச் சேர்த்துக் காட்டியபோது மதிப்பீடு திருந்தியது. நம்பிய ஆட்களின் முடிவை மட்டும் பார்த்தவர்களிடம் அந்தச் சந்தேகம் அப்படியே நின்றது. ஆகவே ஒரேயடியாகப் பெரிய தொகை கொடுப்பதும் முழுக்க மறுப்பதும் கற்றுக்கொள்ள உதவாத வழிகள். போனாலும் பரவாயில்லை என்ற அளவில் சின்னத் தொகையைப் பல முறை கொடுத்துப் பார்த்தால் கணக்கில் தரவு சேரும்.

குலைந்த நம்பிக்கை மீளுமா என்பதை மாரிஸ் ஷ்வைட்சரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் பல சுற்றுகள் கொண்ட பண விளையாட்டில் பார்த்தார்கள். பணத்தைச் சுருட்டிய கூட்டாளி அதன்பின் தொடர்ந்து நேர்மையாக நடந்தால் நம்பிக்கை திரும்பியது. இனி மாறிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தால் அந்த மீட்சி வேகமாக நடந்தது. ஆனால் சுருட்டுவதற்கு முன் அவர் பொய்யும் சொல்லியிருந்தால், வாக்குறுதி, மன்னிப்பு, பிறகு வந்த நேர்மையான சுற்றுகள் எல்லாம் சேர்ந்தும் பழைய அளவை எட்டவில்லை. இரு குழுவினரும் இழந்த பணம் ஒன்றுதான். பொய் கேட்டவர்களுக்கு அந்தக் கூட்டாளியின் அடுத்த சொல்லை எடைபோடும் தராசே பழுதாகியிருந்தது.