பிறைக்குச் சாட்சி கேட்ட நீதிமன்றம்

"சூரியனுக்கு முன்னால் கண்டாயா, பின்னால் கண்டாயா? அதற்கு வடக்கிலா, தெற்கிலா? எவ்வளவு உயரத்தில் இருந்தது? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? எவ்வளவு அகலம்?"

எருசலேமில் பேத் யாசேக் என்றொரு பெரிய முற்றம் இருந்தது. அங்கே இந்தக் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னவர்கள் யாரும் குற்றம் செய்தவர்கள் இல்லை. முந்தின நாள் மாலை மேற்கு வானில் பிறையின் முதல் கீற்றைக் கண்டதாகச் சொல்லிக்கொண்டு, ஊரிலிருந்து நடந்தும் கழுதையேறியும் வந்தவர்கள். அவர்கள் சொல் ஏற்கப்பட்டால் அன்றைக்குப் புது மாதம் பிறக்கும்.

விசாரித்தது யூதர்களின் உச்ச மன்றமான சன்ஹெட்ரினைச் சேர்ந்த நீதிமன்றம். 'கூடி உட்கார்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு ஆலோசனைச் சங்கம் என்றும் தலைமைச் சங்கம் என்றும் பழக்கமானது. இயேசுவின் விசாரணையோடு அதன் பெயர் ஒட்டிக்கொண்டதால், 71 பேர் உட்கார்ந்து உயிர் போகும் வழக்குகளைத் தீர்த்த இடம் என்ற அளவிலேயே பலர் அதை நினைக்கிறார்கள். அந்த அமைப்பு செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது காலத்தைத் தீர்மானித்த இந்த வேலைதான். அதற்கு 71 பேர் தேவைப்படவில்லை. மூன்று நீதிபதிகள் போதும். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பும், பின்னால் அதற்கு விரிவாக எழுந்த தல்மூதும் இந்த நடைமுறையைப் படிப்படியாக விவரிக்கின்றன.

சிக்கல் வானத்தில் இருந்தது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29.53 நாள். மாதத்தில் அரை நாளை வைக்க முடியாது. ஆகவே சில மாதங்களுக்கு 29 நாள், சிலவற்றுக்கு 30. எந்த மாதத்துக்கு எது? 29-ஆம் நாள் பொழுது சாய்ந்ததும் பிறை தெரிந்து, மறுநாள் பகலில் சாட்சிகள் வந்து நிரூபித்தால், அந்த 30-ஆம் நாளே புது மாதத்தின் முதல் தேதி. யாரும் வராவிட்டால் அதற்கு அடுத்த நாள் தானாகவே முதல் தேதியாகிவிடும். ஆக, ஒவ்வொரு மாதமும் மன்றம் தீர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு நாள் வித்தியாசத்தை. ஆனால் வசந்தகாலப் பாஸ்கா பண்டிகை எந்த நாள், பாவநிவாரண நோன்பு எந்த நாள் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தன.

இப்போது அந்தக் கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொன்றும் பொய்யைப் பிடிக்கும் கண்ணி.

நிலவில் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தபடி இருக்கும். கொம்புகள் இரண்டும் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீளும். நிலவின் குழிந்த பக்கத்தைச் சூரியன் ஒருநாளும் கண்டதில்லை என்று தல்மூதில் ஒரு வாக்கியம் வருகிறது. 'முன்னாலா பின்னாலா' என்ற கேள்விக்கு அங்கே தரப்படும் விளக்கம் இதுதான்: குழிவு சூரியனை நோக்கி இருந்ததா, விலகி இருந்ததா? நோக்கி இருந்தது என்று சொன்னவர் பிறையைப் பார்க்கவே இல்லை. வடக்கு, தெற்குக் கேள்வி இன்னும் நுட்பமானது. நிலவின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. சூரியனின் பாதையும் தொடுவானத்தோடு பருவத்துக்குப் பருவம் வேறு கோணத்தில் நிற்கிறது. எனவே இந்த மாதத்தில் பிறை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கணக்குத் தெரிந்த நீதிபதிக்கு முன்பே தெரியும். உயரமும் அகலமும் பிறையின் வயதைச் சொல்லிவிடும். நிலவு சூரியனை விட்டு நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 பாகை விலகுகிறது.

இரண்டு சாட்சிகளையும் தனித்தனியே கேட்டார்கள். ஒருவர் தார்க்குச்சி இரண்டு உயரம் என்றும் மற்றவர் மூன்று என்றும் சொன்னால் சாட்சி நிற்கும். மூன்று என்றும் ஐந்து என்றும் சொன்னால் விழுந்துவிடும். கண்ணளவில் வரும் பிழைக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே வரம்பு கட்டியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தண்ணீரில் தெரிந்த நிழலைக் கண்டவரின் சாட்சி செல்லாது. சூதாடிகளும் வட்டிக்குக் கொடுப்பவர்களும் சாட்சி சொல்லக் கூடாது.

முதல் இருவரோடு வேலை முடிந்தாலும், பின்னால் வந்து காத்திருந்தவர்களை வெறுங்கையாய் அனுப்பவில்லை. அவர்களையும் நாலு கேள்வி கேட்டார்கள். முற்றத்தில் எல்லோருக்கும் விருந்து போட்டார்கள். அடுத்த மாதமும் வர வேண்டுமே! ஒருமுறை நாற்பது சோடிக்கு மேல் போய்க்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் எதற்கு என்று ரப்பி (யூதச் சட்ட ஆசான்) அகிவா அவர்களை லோத் நகரில் நிறுத்திவிட்டார். "கூட்டத்தைத் தடுத்தால் வருங்காலத்தில் அவர்களை இடறச் செய்தவன் ஆவாய்" என்று அவருக்குச் செய்தி போனது.

அப்படியும் ஏமாற்று நுழையாமல் இல்லை. பைத்தூசியர் என்ற எதிர்க்கட்சியினர் 400 சூசு காசு கொடுத்து இருவரை அமர்த்தியதாகத் தல்மூது சொல்கிறது. ஒருவர் அவர்கள் ஆள். மற்றவர் மன்றத்தின் பக்கத்து ஆள். இந்த இரண்டாமவர் வந்து நின்று, "பாறை இரண்டுக்கு நடுவே பிறை படுத்திருந்தது, தலை கன்றுக்குட்டி போல, காது ஆட்டுக்குட்டி போல, கொம்பு மான் போல" என்று அடுக்கினார். "நம்பாவிட்டால் இதோ, 200 சூசு என் துணியில் முடிந்திருக்கிறது" என்றும் சொல்லிவிட்டார். தகுதியில்லாத வேறு யாராவது வந்து உங்களை ஏய்த்துவிடுவார்களோ என்று பயந்து நானே வந்தேன் என்றார். காசை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லி, அமர்த்தியவனுக்குத் தண்டனை கொடுத்தார்கள்.

கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு மன்றம் யாவ்னே என்ற ஊருக்குப் போனது. அங்கே பிறகு தலைமை ஏற்றவர் ரப்பான் கமாலியேல். விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கமாலியேலின் பேரன். தம் மாடியறைச் சுவரில் நிலவின் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார். படிக்காத பாமரர் வந்தால், "இப்படிக் கண்டாயா, இப்படிக் கண்டாயா?" என்று காட்டிக் கேட்பார்.

ஒருமுறை வானம் மேகமூட்டம்; பிறை போலவே ஒன்று தெரிந்தது, அதுவும் மாதத்தின் 29-ஆம் நாளில். ஊரே முதல் தேதி என்று சொல்லக் கிளம்பியது. கமாலியேல் மறுத்தார். பாட்டனார் வீட்டு வழியாகத் தமக்கு வந்த கணக்கென்று ஓர் எண்ணைச் சொன்னார்: நிலவு புதுப்பிக்க 29½ நாளும், மூன்றில் இரண்டு மணி நேரமும், 73 கூறுகளும் வேண்டும், அதற்குக் குறையாது. ஒரு மணிக்கு 1080 கூறு. கூட்டினால் 29 நாள் 12 மணி 44 நிமிடம் 3⅓ விநாடி. இன்றைய வானியலின் சராசரி அளவோடு இதற்கு உள்ள வேறுபாடு அரை விநாடி அளவுதான். பாபிலோன் வானியலாளர்கள் கையாண்டதும் இதே அளவு.

இவ்வளவு துல்லியமான எண் கையில் இருந்தும் எதற்காகச் சாட்சியைக் கூப்பிட்டார்கள்? சராசரி வேறு, அந்த மாதத்து நிலவு வேறு. உண்மையான மாதம் 29 நாள் 6 மணியைத் தாண்டிய அளவிலிருந்து 29 நாள் 20 மணி வரை கூடிக் குறையும். அதற்கும் மேலாக, சட்டம் கண்டவரின் வாயைக் கேட்டது. கணக்கு ஒரு சல்லடை. நடக்கவே முடியாததைச் சலித்துத் தள்ள உதவும். மாதத்தைப் பிறப்பிப்பது மன்றத் தலைவரின் வாய்ச்சொல். "புனிதமாக்கப்பட்டது" என்று அவர் சொல்ல, மக்கள் எல்லோரும் "புனிதமாக்கப்பட்டது, புனிதமாக்கப்பட்டது" என்று திருப்பிச் சொல்வார்கள்.

அந்தச் சொல்லுக்கு எவ்வளவு வலிமை என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிறையைக் கண்டோம், மறுநாள் இரவு காணவில்லை என்று இருவர் சாட்சி சொன்னார்கள். மறுநாள் இன்னும் தடித்து, இன்னும் உயரத்தில் அல்லவா நிற்க வேண்டும்? கமாலியேலோ ஏற்றுக்கொண்டார். "ஒருத்தி பிள்ளை பெற்றாள் என்கிறார்கள், மறுநாளும் வயிறு பெரிதாகவே இருக்கிறதாம்!" என்று ரப்பி தோசா வெடித்தார். ரப்பி யோசுவா அவர் பக்கம் நின்றார். அது பாவநிவாரண நாள் வரும் திஷ்ரி மாதம். யோசுவாவின் கணக்குப்படி பாவநிவாரண நாள் ஒரு நாள் தள்ளி வரும். "உம் கணக்கில் நோன்பு எந்த நாளோ, அன்று கோலும் பணப்பையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாரும்" என்று கமாலியேல் ஆணையிட்டார். அந்தப் புனித நாளில் செய்யக் கூடாத காரியம் அது. யோசுவா மனம் நொந்துபோனார். எதிர்த்துப் பேசிய அதே தோசாதான் சொன்னார்: இந்த மன்றத்தைக் கேள்வி கேட்கப் புகுந்தால் மோசே காலம் முதல் எழுந்த ஒவ்வொரு மன்றத்தையும் கேட்க வேண்டியிருக்கும். யோசுவா கோலை எடுத்துக்கொண்டு போனார். கமாலியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டு, "என் ஆசானே, என் மாணவரே, வருக! அறிவில் ஆசான், என் சொல்லை ஏற்றதில் மாணவர்" என்றார்.

தீர்மானித்த நாளை ஊர் ஊராகத் தெரிவிக்க வேண்டும். தொடக்கத்தில் தீயைப் பயன்படுத்தினார்கள். நீண்ட கேதுருக் கழிகளில் நாணலும் சணல் நாரும் கட்டி, ஒலிவ மலை உச்சியில் கொளுத்தி, அடுத்த மலையில் பதில் தீ தெரியும்வரை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்கிருந்து சார்தபா, பிறகு அவ்ரான் என்று மலை மலையாகத் தாவி பாபிலோனியப் பக்கம் வரை போகும். முந்தின மாதம் 29 நாளோடு முடிந்தால் மட்டுமே தீ. இருட்டாக இருந்தால் 30 என்று பொருள். யூதர்களோடு பகை கொண்ட அண்டை மக்களான சமாரியர்கள் பொய்த் தீ மூட்டிக் குழப்பியதால் இந்த முறை கைவிடப்பட்டு, தூதர்கள் நடந்து போனார்கள்.

ஆண்டுக் கணக்கு தனிக்கதை. பன்னிரண்டு நிலவு மாதங்கள் 354 நாள். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. பாஸ்கா வசந்தத்தை விட்டு நழுவாமலிருக்க, அவ்வப்போது பதின்மூன்றாம் மாதம் ஒன்றைச் சேர்த்தார்கள். வாற்கோதுமைக் கதிர், மரத்தின் கனி, சூரியனின் நிலை ஆகிய மூன்றில் இரண்டு பின்தங்கியிருந்தால் போதும். "புறாக்கள் இளசாக இருக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் மெலிந்திருக்கின்றன" என்று எழுதி, 30 நாள் கூட்டியதாகக் கமாலியேல் அனுப்பிய கடிதம் தல்மூதில் இருக்கிறது. இந்த அமர்வில் அரசன் உட்காரக் கூடாது. படைக்கு ஆண்டுச் சம்பளம் கொடுப்பவன், ஒரு மாதம் நீண்டால் அவனுக்கு லாபம். தலைமைக் குருவும் கூடாது. பாவநிவாரண நாளில் பலமுறை நீராட வேண்டிய அவர், அந்த நாள் குளிர்காலத்தை நோக்கித் தள்ளிப் போவதை விரும்பமாட்டார்.

ரோம ஆட்சியின் நெருக்கடியில், 358-ஐ ஒட்டி மன்றத் தலைவர் இரண்டாம் ஹில்லேல் கணக்கு முறையை வெளியிட்டார் என்பது மரபு. இப்போதைய வடிவம் அதன்பின் பல நூற்றாண்டுகளில் மெல்லத் திரண்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 19 ஆண்டில் 7 முறை கூடுதல் மாதம். கமாலியேல் சொன்ன எண்ணே அதன் அச்சாணி.

சாட்சிகள் வருவது நின்றுவிட்டது. ஆனால் அந்தக் காலத்தின் ஒரு பழக்கம் நிற்கவில்லை. தூதர் போய்ச் சேராத தொலைவில் இருந்தவர்கள் ஐயத்தால் பண்டிகையை இரண்டு நாள் கொண்டாடினார்கள். இஸ்ரேலுக்கு வெளியே மரபு வழுவாத யூதர்கள் இன்றும் பாஸ்காவை 7 நாளுக்குப் பதில் 8 நாள் அனுசரிக்கிறார்கள். யூதப் புத்தாண்டு மட்டும் எருசலேமிலும் இரண்டு நாள். அது மாதத்தின் முதல் தேதியிலேயே வருவதால், சாட்சிகள் வந்து சேரும்வரை மன்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அன்று பண்டிகையா இல்லையா என்று தெரிந்திருக்காது.