மரத்தளத்தில் சாந்து விழுந்தால் தண்ணீரைக் கடைசியில் எடுங்கள்

சுவர்ப் பூச்சு முடிந்து சாரம் பிரித்த கையோடு, சித்தாள் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளுவார். சிமெண்ட் தரைக்கும் டைல்ஸுக்கும் அது போதும். மரத்தளத்துக்கு அதைப்போல் கேடு வேறில்லை. மரத்தளங்களைச் செப்பனிட்டுப் பாலிஷ் போடுவது என் தொழில். நான் பார்க்கும் பழுதுகளில் பெரும்பாலானவை, விழுந்த சாந்தை எடுக்கப்போன அவசரத்தில் வந்தவைதான்.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், செங்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மச்சுத்தளத்துக்குத் தேக்கும் வேங்கையும் பாவியிருப்பதை இன்றும் பார்க்கலாம். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று வரும்போது ஒரே மூச்சில் வீட்டைப் புதுப்பிப்பார்கள். சுவரை வழவழப்பாக்கப் பட்டி மாவு, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சீலிங், கீழே பாட்டன் காலத்துப் பலகை. எல்லா வேலையும் ஒரே வாரத்தில் முடியவேண்டும் என்பார்கள். அந்தப் பலகையைத் திரும்ப வாங்க முடியாது என்பது அந்த வாரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

தரையில் கிடக்கும் வெள்ளை என்ன என்று முதலில் தெரியவேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கொஞ்சம் சுரண்டி எடுத்து ஒரு பீங்கான் தட்டில் வைத்து, வெள்ளை வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்போ, சிமெண்டோ, பட்டியோ. சும்மா நனைந்து கிடந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இந்தச் சோதனையைத் தட்டில்தான் செய்யவேண்டும், பலகைமேல் அல்ல.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சிமெண்டும் சுண்ணாம்பும் கடுமையான காரம். ஈரச் சாந்தின் காரத்தன்மை பிஎச் அளவில் (7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்) 12-க்கு மேல் நிற்கும். தேக்கிலும் வேங்கையிலும் உள்ள துவர்ப்புச் சத்து அந்தக் காரத்தோடு சேர்ந்தால் பலகை கறுக்கும். பழைய வீடுகளில் பிரெஞ்சு பாலிஷ் போட்டிருந்தால் இன்னும் மோசம். அது அரக்கில் செய்தது, அரக்கு காரத்தில் கரையும். ஆகவே ஈரச் சாந்து விழுந்தால் காயட்டும் என்று விடக்கூடாது. உடனே அள்ளிவிட்டு, பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்படிக் கறுக்க வைக்காது. ஜிப்சத்தை 150 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு எடுக்கும் மாவு அது. தண்ணீர் பட்டால் அரைமணி நேரத்துக்குள் இறுகி மறுபடி ஜிப்சம் ஆகிவிடும். பாலிஷ் உள்ள பலகையில் விழுந்தால் இறுக விட்டு எடுப்பதே சுலபம். ஓரத்தில் லேசாக நெம்பினால் வில்லையாகப் பெயர்ந்து வரும். ஈரத்தோடு துடைத்தால் பலகையின் ரேகைக்குள் இறங்கிவிடும்.

காய்ந்த கறையை எடுக்கக் கரணையும் இரும்புத் தகடும் வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்கேல், பழைய ஏ.டி.எம். கார்டு, சீவிய மூங்கில் சில் போதும். ரேகை ஓடும் திசையிலேயே, படுக்கை வாட்டில் பிடித்துத் தள்ளுங்கள். இரும்பு நார் வைத்துத் தேய்க்கிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். நாரின் துணுக்கு ரேகைக்குள் தங்கும். அடுத்த மழையில் ஈரம் பட்டுத் துருவாகும். துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து மை கொட்டினதுபோல் கரும்புள்ளி விழும். அதைப் போக்கத் தளத்தையே இழைக்கவேண்டி வரும். மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டிய புதுவகைப் பலகையாக இருந்தால் இழைக்கவும் இடமிருக்காது.

சுரண்டிய பிறகு தூசி. இதை விளக்குமாற்றால் பெருக்கினால் மணல் துகள் பாலிஷைக் கீறும், மாவு எழும்பி மறுபடி படியும். மெல்லிய தூரிகை முனை போட்ட வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். பலகை இடுக்குகளை விட்டுவிடாதீர்கள். கலக்காத பட்டி மாவோ சிமெண்டோ அந்த இடுக்கில் கிடந்தால், நீங்கள் துடைக்கும் தண்ணீரே அதைக் கல்லாக்கிவிடும். முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். சிமெண்ட் தூசியில் நுண்மணல் இருக்கிறது, அது நுரையீரலுக்கு ஆகாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கண்தானே என்று கசக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

இப்போதுதான் ஈரத்துணி. ஒரு ஆச்சி என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: "தம்பி, நானும் எத்தன தடவ தொடச்சாலும் காஞ்சதும் வெள்ள வெள்ளையா வந்து நிக்கி." ஒரே வாளித் தண்ணீரில் துணியை அலசி அலசித் துடைத்திருந்தார். துணி எடுத்த மாவு வாளிக்குப் போய், வாளியிலிருந்து மறுபடி தரைக்கே வந்தது. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் அலச, ஒன்றில் நனைக்க. துணியை நன்றாக முறுக்கிப் பிழிந்து, ஒரு கை அகலம் துடைத்ததும் உலர்ந்த துணியால் பின்தொடர வேண்டும். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். ஜிப்சத்துக்கு இது மட்டுமே மருந்து, வினிகர் அதை ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பு, சிமெண்ட் படலம் நிற்குமானால், ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, மறைவான மூலையில் முதலில் பார்த்துவிட்டுத் துடையுங்கள். பிறகு வெறும் நீர், பிறகு உலர்துணி. பித்தளை துலக்குகிற நினைப்பில் புளியைக் கொண்டு வராதீர்கள். அதன் சாயம் மரத்தில் ஏறும்.

ஆசிட்டைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். டைல்ஸ் கழுவ வைத்திருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மாடிக்கு ஏற்றவே விடாதீர்கள். பாலிஷையும் மரத்தையும் கெடுத்து, பலகைக்கு அடியில் ஆணியையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய மச்சறையில் அது உயிருக்கே ஆபத்து.

தென்காசிப் பக்கம் சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மரம் மெதுவாகத்தான் உலரும். சன்னலைத் திறந்து, மின்விசிறி ஓடவிட்டு, முழுக்க உலர்ந்த பிறகே எண்ணெயோ பாலிஷோ போடவேண்டும். உள்ளே ஈரம் இருக்க மேலே பூசினால் வெண்மை அடியிலேயே சிறைப்படும். சுரண்டிய இடம் மங்கலாகத் தெரிந்தால் அதை மட்டும் தொட்டுத் தீற்ற முடியும், முழுத்தளத்தையும் இழைக்கச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்கள். கறுப்பு ஏறிய கறைக்கு ஆக்சாலிக் அமிலம் உண்டு. அது விஷம், பழகின கை மட்டும் தொடவேண்டியது.

கொத்தனாரோடு கூலி பேசும்போதே தரையை யார் மூடுவது என்று பேசிவிடுங்கள். பெருக்கிய தளத்தில் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கெட்டி அட்டை. நடக்கும்போது தாள் கிழியாமலிருக்க அட்டை வேண்டும். வேலை முடிந்த சாயங்காலம் இரண்டையும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் அடியில் வேர்த்துப் பலகை ஊறும்.