சபையில் ஒருவர்மீது பிராது வந்தால்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் சாலை, எந்தப் பக்கத்துத் தமிழ்ச் சபையானாலும் சரி, ஒரு புகார் கமிட்டிக்கு வந்து சேருமுன் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வந்துவிடுகிறது. பெரும்பாலும் ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில். முறையாக விசாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே ‘தீர்ப்பு செய்யாதிருங்கள்’ என்னும் மத்தேயு 7:1-ஐ எடுத்து வாயடைப்பார்கள். நான்கு வசனம் தள்ளிப் படித்தால், உன் கண்ணிலுள்ள உத்திரத்தை முதலில் எடு, பின்பு சகோதரனுடைய துரும்பை எடுக்க வழி பார் என்று இருக்கிறது. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று இயேசு சொல்லவில்லை. தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்பு செய்யாமல் நீதியின்படி செய்யுங்கள் என்கிறார் (யோவான் 7:24). விசாரணையே கூடாது என்பவர்களுக்கு வேதத்தில் இடமில்லை.

இளைஞர் ஐக்கியப் பணத்தில் 800 ரிங்கிட் குறைகிறது, பொருளாளர்மேல் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். புகாரை எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் தேதி, எந்த ரசீது, கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது. ஒரு பிரதி பொருளாளருக்குப் போக வேண்டும். ரசீதுகளையும் வங்கிக் கணக்கையும் திரட்ட ஒரு வாரமாவது கொடுங்கள். முந்திப் பேசுகிறவன் நீதிமான்போலத் தெரிவான், மற்றவன் வந்து பரிசோதிக்கும்வரை என்று நீதிமொழிகள் 18:17 சொல்வது இதைத்தான். ஒரு பக்கம் மட்டும் கேட்ட கூட்டத்தில் தீர்மானம் எழுதாதீர்கள். உறவுக்காரரும் சம்பந்தியும் அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது.

அதிகம் தவறு நடப்பது சாட்சிகளை எண்ணுவதில். இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது உபாகமம் 19:15. ஒரே அக்காவிடம் கதை கேட்ட மூன்று பேர் மூன்று சாட்சிகள் ஆகமாட்டார்கள். அந்த அக்கா நேரில் பார்த்திருந்தால் அவர் ஒருவரே சாட்சி, இல்லாவிட்டால் அவரும் இல்லை. சாட்சிகளைத் தனித்தனியே கேளுங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் தானியேல் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னா என்ற பெண்மேல் விபசாரப் பழி சுமத்திய இரு முதியவர்களையும் தானியேல் பிரித்து வைத்து, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று கேட்டார். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள், பொய் அங்கேயே உடைந்தது.

அடுத்த வழுக்கல் முகதாட்சிணியம். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் சபைக்கு ஏர்கோன் போட்டுக் கொடுத்திருந்தால் அவர் மகன் பெயர் மினிட்ஸில் ஏறுவதே இல்லை. ஏழை என்பதற்காகவும் சாயக் கூடாது என்று யாத்திராகமம் 23:3 சொல்வதை மட்டும் யாரும் பிரசங்கிப்பதில்லை. போதகர்மேல் புகார் என்றால், இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் புகாரை ஏற்காதே என்னும் 1 தீமோத்தேயு 5:19 கேடயமாக வரும். அடுத்த வசனம், பாவம் செய்தவரை எல்லார் முன்னும் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அதற்கடுத்தது பட்சபாதம் வேண்டாம் என்கிறது. மூன்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பிள்ளைகள்மேல் பாலியல் கொடுமை என்றால் கமிட்டிக்கு வேலையே இல்லை. இரண்டு சாட்சி எங்கே என்று குழந்தையைக் கேட்பது கொடுமைமேல் கொடுமை. தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம், பிரிவு 19-ன் கீழ் 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. முதலில் போலீஸ் ரிப்போர்ட். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999-க்கும் அழைக்கலாம்.

குற்றம் நிரூபணமாகாவிட்டால் காதோடு காதாக மன்னிப்புக் கேட்டு முடிப்பது பத்தாது. எந்தக் குழுவில் பெயர் கெட்டதோ அதே குழுவில் கமிட்டித் தலைவர் எழுத வேண்டும், ஞாயிறு ஆராதனையிலும் அறிவிக்க வேண்டும். வேண்டுமென்றே பொய் சொன்னவரை உபாகமம் 19:19 சும்மா விடவில்லை. சபை அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டமும் இருக்கிறது. ‘ஃபார்வர்ட்தானே செய்தேன்’ என்ற பதில் அங்கே எடுபடாது.