பழைய கேம் அசிங்கமா தெரியுதா? டிவியையும் கொஞ்சம் திட்டுங்க

தீபாவளிக்கு தாராவி வீட்ட ஒதுங்க வெக்கும்போது பரண்ல ரெண்டு பொட்டி கெடைச்சுது. ஒண்ணு 99999 இன் 1 கேசட் போடுற டூப்ளிகேட் வீடியோ கேம், துப்பாக்கியோட. இன்னொண்ணு சித்தப்பா துபாய்ல இருந்து கொண்டு வந்த பிளேஸ்டேஷன் 1. ரெண்டையும் 43 இன்ச் எல்இடி டிவில மாட்டி அக்கா பையன கூப்பிட்டு பெருமையா காட்டுனா, "என்ன மாமா, கோலப்பொடி கொட்டுன மாதிரி இருக்கு"ன்னுட்டு மொபைலுக்கே திரும்பி போயிட்டான்.

எனக்கும் ஷாக்தான், நாம ஆடுனப்போ இப்படியா இருந்துச்சு? ஞாபகம் பொய் சொல்லுதுன்னு சொல்வாங்க, அது பாதிதான். மீதி டிவியோட வேல.

நம்ம பழைய குண்டு டிவில படம் மொத்தம் 625 கோடு, ஒரு தடவ ஒத்தப்படை கோடு, அடுத்த தடவ ரெட்டப்படை கோடுன்னு செகண்டுக்கு 50 தடவ மாத்தி மாத்தி வரையும். அந்த டூப்ளிகேட் பொட்டிக்கு தாத்தா 1983ல நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம், அதோட படமே 256க்கு 240 புள்ளிதான். அதனால அது ஒரு தகிடுதத்தம் பண்ணும், ஒவ்வொரு தடவயும் அதே கோட்டு மேலயே வரைய வெச்சிட்டு நடுவுல இருக்கிற கோட்டயெல்லாம் கருப்பா விட்டுடும். கிட்ட போய் பாத்தா மெல்லிசா கருப்பு வரி தெரியும், அந்த வரியும் கண்ணாடில லேசா பரவுற வெளிச்சமும் சேந்து கட்டம் கட்டமான படத்த வழவழன்னு காட்டிடும். எல்இடி டிவிக்கு இந்த தகிடுதத்தம் புரியாது, ரெண்டு பாதி படம் வருதுன்னு நெனச்சு அதுவா ஒட்டி, பெருசாக்கி, அப்புறமா காட்டும். ஒட்டுனதுல படம் கெட்டுச்சு, யோசிச்சதுல லேட்டும் ஆச்சு.

படம் போட்டவங்களும் இத தெரிஞ்சேதான் போட்டாங்க. 1991ல வந்த சோனிக் கேம்ல அருவி இருக்கும், உண்மைல அது நெட்டுக்குத்தா கோடு விட்டு கோடு வரைஞ்ச வரி, டிவிக்கு படம் போற மஞ்ச வயர்ல போகும்போது வரியெல்லாம் கலந்து தண்ணி வழியா பின்னாடி தெரியற மாதிரி ஆயிடும். பையன் சொன்ன கோலப்பொடியும் அதே கதைதான், கேம் ஓடும்போது பிஎஸ்1 கிட்ட 32,768 கலர்தான் இருந்துச்சு, நடுவுல வர்ற கலருக்கு ரெண்டு கலர புள்ளி புள்ளியா தூவி வெச்சிட்டு மிச்சத்த டிவி பாத்துக்கும்னு விட்டுட்டாங்க.

ஆனா பிஎஸ்1ல சுவரு ஆடுறதுக்கு டிவிய திட்ட முடியாது, அது கணக்கு கோளாறு. தாதர் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நின்னு தரைய பாருங்க, காலடில இருக்கிற டைல்ஸ் பெருசா, தூரத்துல குட்டி குட்டியா தெரியுமில்ல? அப்படி காட்டணும்னா ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் போடணும். 34 மெகாஹெர்ட்ஸ் வேகம் கூட தொடாத மிஷினுக்கு அது கட்டுப்படியாகல. 3டில சுவரு, தர எல்லாமே முக்கோணம் முக்கோணமா கட்டுனதுதான், அதனால ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளயும் சமமா அடி வெச்சு படத்த ஒட்டிடும், தர நடுவுல வளைஞ்சு ஒடிஞ்ச மாதிரி தெரியறது அதனாலதான். இன்னொரு கூத்து, முக்கோணத்தோட மூல ஒண்ணேகால் புள்ளில நிக்கணும்னா ஒண்ணுலயே நிக்கும், கொஞ்சம் நகந்தா டக்குனு ரெண்டுக்கு தாவும். கேமரா மெதுவா திரும்பறப்ப வீடே ஜன்னி வந்த மாதிரி நடுங்கும். பழைய கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற எமுலேட்டர்ல இத சரி பண்ணிக்கலாம், எனக்கு என்னமோ அந்த நடுக்கம் இல்லன்னா சப்புன்னு இருக்கு.

1996ல வந்த நின்டெண்டோ 64 இந்த ரெண்டுலயும் தேவல, ஆனா டெக்ஸ்சர், அதாவது சுவரு, தர மேல ஒட்டுற படம், வெக்க 4 கேபி இடம்தான், அதனால எல்லாமே சோப்பு போட்டு தேச்ச மாதிரி மழுங்கி இருக்கும். பிஎஸ்2ல இருந்து பெரிய குறை இல்ல, எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3 எல்லாம் எச்டி டிவிக்குன்னே வந்தது, இன்னைக்கும் உக்காந்து ஆடலாம். என்னய கேட்டா ரொம்ப வயசானது முதல் 3டி தலமுறைதான், அதுக்கு முந்தின 2டி கேமெல்லாம் இப்பவும் ஜம்முனு இருக்கு.

கடைசில 90 ஃபீட் ரோடு பக்கம் பழைய சாமான் வாங்கி விக்கிற ஒரு பங்கார்வாலா கிட்ட 14 இன்ச் குண்டு டிவி ஒண்ணு 300 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். எல்லாம் அந்த துப்பாக்கிக்காகத்தான். அதுல இருந்து குண்டும் வராது ஒளியும் வராது, உள்ள இருக்கிறது வெளிச்சத்த பாக்கற ஒரு கண்ணு. வாத்து சுடுற கேம்ல விசைய அழுத்துனதும் ஸ்க்ரீன் ஒரு கணம் கருப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த எடத்துல மட்டும் வெள்ளக் கட்டம் வரும், அந்த நேரத்துல கண்ணுக்கு வெளிச்சம் பட்டா வாத்து காலி. எல்இடில அந்த வெள்ளக் கட்டம் லேட்டா வரும், அதுக்குள்ள கேம் "படல"ன்னு முடிவு பண்ணிடும். அதான் டிவிய தொட்டுக்கிட்டு சுட்டாலும் ஒரு வாத்தும் விழல.

வைக்க எடமில்லாம குண்டு டிவிய வாஷிங் மிஷின் மேல ஏத்தி வெச்சேன். பையன் முதல் தடவயே ரெண்டு வாத்த சுட்டுட்டான். இப்ப துணி தோய்க்கணும், டிவிய எறக்குங்கடான்னு அம்மா கத்திக்கிட்டு இருக்காங்க.