பிரவுன் சுகர், வலி மாத்திரை, போதை ஊசி: விடுபட அரசு இலவசமாகத் தரும் மாற்று மருந்து

பிள்ளை ஊசி போடுகிறான் என்று தெரிந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது மறுவாழ்வு மையம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, ஒரு மாதமோ மூன்று மாதமோ உள்ளே விடுகிறார்கள். பையன் உடம்பு தேறி வெளியே வருகிறான். சில வாரத்தில் பழைய இடத்துக்கே போகிறான். இப்படி இரண்டு மூன்று சுற்று போன பிறகுதான், அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் மருந்து கொடுத்தே இதற்குச் சிகிச்சை செய்கிறார்கள் என்ற செய்தி பல வீடுகளுக்கு எட்டுகிறது. அந்தச் சுற்றுகளை ஒரு குடும்பமாவது தவிர்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். இந்த மருந்து குடிக்கோ கஞ்சாவுக்கோ அல்ல. அபின், ஹெராயின், பிரவுன் சுகர் ஆகியவற்றுக்கும், வலிக்கென்று வந்து போதைக்குப் போய்விட்ட டேப்பெண்டடால், டிரமடால் போன்ற மாத்திரைகளுக்கும்தான். மருத்துவத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஓபியாய்டு என்று ஒரே பெயர். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படும் அளவுக்குப் பிரச்சினை முற்றியிருக்கிறது. எந்த வகைப் போதையானாலும் ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள் சுமார் 8.5 லட்சம்.

ஊசி போடுபவர்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்தும் திட்டத்தின் பெயர் ஓ.எஸ்.டி., அதாவது மாற்று மருந்து சிகிச்சை. எய்ட்ஸ் துறை ஏன் இதைச் செய்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி.யும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி-யும் பரவுகின்றன. ஊசியை நிறுத்தினால் அந்த வழியாகப் பரவுவதும் நிற்கும். அதனால்தான் இந்த மையங்களில் மருந்தோடு ரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. ஊசி போடாமல் மாத்திரையாகவோ புகையாகவோ எடுப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

மருந்தின் பெயர் புப்ரினார்பின். சில மையங்களில் மெத்தடோன் என்ற திரவ மருந்தும் தருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் 2005-இலேயே அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022-இல் புப்ரினார்பின் இடம்பெற்றது.

ஹெராயின் மூளையில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறதோ அதே இடத்தில்தான் புப்ரினார்பினும் ஒட்டுகிறது. ஆனால் பாதி அளவுக்குத்தான் வேலை செய்யும், நெடுநேரம் விடாது. அதனால் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல், தூக்கமில்லாமை என்று போதை இறங்கும்போது படுத்தும் பாடு இல்லை. அதே நேரம் கிறக்கமும் இல்லை. அளவைக் கூட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அதன் வேகம் ஏறாது. இருக்கிற இடத்தை அது பிடித்துக்கொண்டிருப்பதால், நடுவில் ஹெராயின் போட்டாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை.

இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். ஒரு மையத்தில் காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பெயர் கூப்பிட்டதும் ஆள் வந்து ஒரு மடக்குத் தண்ணீரில் வாயை நனைத்துக்கொள்கிறார். செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் கொட்டுகிறார். பிறகு எதிரே இருக்கும் பெஞ்சில் பேசாமல், எச்சில் விழுங்காமல் ஐந்து பத்து நிமிடம் உட்கார வேண்டும். விழுங்கிவிட்டால் மருந்து சரியாக வேலை செய்யாது. முடிந்ததும் வாயைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். பொடிப்பதற்குக் காரணம் உண்டு: முழு மாத்திரையானால் வாயில் ஒதுக்கி வைத்து வெளியே விற்றுவிட வாய்ப்பிருக்கிறது.

அன்று மகனோடு வந்திருந்த ஓர் அம்மா செவிலியரிடம் மெதுவாகக் கேட்டார்: "சிஸ்டர், இதுவும் போதை மாத்திரைதானே? ஒன்ன விட்டுட்டு இன்னொன்ன புடிச்ச மாதிரி ஆயிடாதா?"

"ஏம்மா, முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க போனான்னு தெரியாம நீங்க தேடுனீங்க. இப்ப காலைல ஒன்பது மணிக்கு என் முன்னாடி வந்து உக்கார்றான். வீட்ல பாத்திரம் காணாமப் போகுதா? இல்லல்ல?"

இந்தச் சந்தேகம்தான் பலரைப் பாதியில் நிறுத்த வைக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பெரிய தடை இந்தச் சிகிச்சைக்கு இல்லை. அடிமைத்தனம் என்பது மாத்திரை போடுவது அல்ல. அதற்காகத் திருடுவதும், வேலையை விடுவதும், நரம்பில் ஊசி தேடுவதும்தான். அவை நின்றுவிட்டால் மருந்து தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். எப்போது குறைப்பது என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். வீட்டார் அவசரப்படுத்தக் கூடாது.

அவசரத்தில் உயிராபத்தும் இருக்கிறது. சில வாரம் எதுவும் எடுக்காமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் நாட்களில் பழைய அளவையே போட்டு மூச்சு நின்று இறப்பவர்கள் உண்டு. வெறுமனே அடைத்து வைத்து அனுப்புவதைவிட மருந்தில் வைத்திருப்பது பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அதே போல, இந்த மருந்தை எடுக்கும் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும்.

போலீஸ் பயமும் பலரைத் தள்ளி நிறுத்துகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஹெராயின் பயன்படுத்தியதற்கே பிரிவு 27-இன் கீழ் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. பயன்படுத்தியது, சிறிய அளவு வைத்திருந்தது போன்ற குற்றச்சாட்டுகளுக்கு மட்டும்தான் இது. ஹெராயினுக்குச் சிறிய அளவு என்பது 5 கிராம் வரை. அதற்கு மேல் இருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறவும் முடியும். அதனால் மையத்தின் அட்டையையும் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும், அரசு வழிகாட்டுதல்படி தரப்படும் மாற்று மருந்தைக் குற்றமாகக் கருதக் கூடாது என்கிறது.

இன்னொரு சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது உரிமை, யாரும் செய்யும் தயவு அல்ல. நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது. சங்கிலி போட்டுக் கட்டுவது எந்த வடிவிலும் தடை. பதிவு பெறாமல் மனநல நிலையம் நடத்துவதும் குற்றம். தனியார் மறுவாழ்வு மையத்தில் காசு கட்டும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; காட்டத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

எங்கே போய்க் கேட்பது? தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையம் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. அங்குள்ள ஆலோசகரிடம் "ஓ.எஸ்.டி. மையம் பக்கத்தில் எங்கே?" என்று கேட்டாலே வழி சொல்வார். 2025-இல் தமிழ்நாடு அரசு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது, அங்கும் விசாரிக்கலாம். போனில் கேட்க, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. எய்ட்ஸ் உதவி எண் 1097. இரண்டும் கட்டணமில்லாதவை. மருந்துக்கடையில் இதைத் தேடி அலைய வேண்டாம். அனுமதி பெற்ற மையங்களுக்கு மட்டுமே இது வழங்கப்படுகிறது.

முதல் நாள் போகும்போது கடைசியாக எப்போது, எதை, எவ்வளவு எடுத்தார் என்பதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே புப்ரினார்பினைக் கொடுத்தால் போதை சட்டென்று கழன்று கடும் வேதனை வந்துவிடும். அதனால் பொதுவாக 12 மணி நேரமாவது கழிந்து, கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை தருவார்கள். அந்தச் சில மணி நேரம் வீட்டில் ஒருவர் கூடவே இருப்பது நல்லது. கர்ப்பிணியாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்துவது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து.

தினமும் போய்வருவது கூலி வேலைக்காரர்களுக்குச் சிரமம்தான். கொரோனா ஊரடங்கின்போது சில நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள். நிலையாக வருபவர்கள் அப்படிக் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். சில நாள் தொடர்ந்து விட்டுப்போனால் பயந்து ஒதுங்க வேண்டாம். குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்குவார்கள், அவ்வளவுதான். எத்தனை நாள் வரவில்லை என்பதை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.