தோளுக்குச் சரி, இடுப்புக்கு லூஸ்: ரெடிமேட் சைஸின் கணக்கு

தோள் சரியாக உட்கார்ந்தால் வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று நிற்கும். வயிற்றுக்குக் கச்சிதமானதை எடுத்தால் தோள் பிடிக்கும். இடுப்புக்குச் சரியான பேன்ட் தொடையில் ஏறாது. தொடைக்கு ஏற்றதை எடுத்தால் இடுப்பின் பின்பக்கம் ஒரு கை நுழையும். ட்ரையல் ரூம் கண்ணாடி முன்னால் நிற்கும்போது பலர் தங்கள் உடம்பைத்தான் நொந்துகொள்கிறார்கள். உடம்பின் மேல் எந்தத் தப்பும் இல்லை. காலர் பட்டியில் இருக்கும் அந்த ஒற்றை எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், ஒரு ரெடிமேட் சட்டை முழுதாகப் பொருந்தும்போதுதான் ஆச்சரியப்படத் தோன்றும்.

தையல்காரர் டேப்பை எடுத்தால் கழுத்து, தோள், மார்பு, வயிறு, கை நீளம், கை சுற்று, உயரம் என்று வரிசையாக எழுதிக்கொள்வார். ரெடிமேட் சைஸில் பெரும்பாலும் ஓர் அளவுதான் உண்மையில் நம்முடையது. சட்டை என்றால் மார்புச் சுற்றளவு, பேன்ட் என்றால் இடுப்பு. மற்றதெல்லாம் அந்த ஒன்றை வைத்துச் செய்த ஊகம். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களுக்கு லட்சக்கணக்கில் சீருடை தைக்க வேண்டிய நெருக்கடி வந்தது. ஒவ்வொருவரையும் அளந்துகொண்டிருக்க நேரமில்லை. மார்பு இவ்வளவு இருந்தால் கை இவ்வளவு இருக்கும், தோள் இவ்வளவு இருக்கும் என்று ஏறத்தாழச் சொல்லிவிட முடிந்தது; அதை வைத்துச் சில சைஸ்களாகப் பிரித்துத் தைத்தார்கள். ஆண்களின் ரெடிமேட் அளவுகள் அங்கிருந்துதான் சூடு பிடித்தன.

இந்த ஊகம் ஓரளவுக்குத்தான் பலிக்கும். உடம்பின் நீள அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்பவை. உயரமானவருக்குக் காலும் கையும் நீளமாகவே இருக்கும். சுற்றளவுகளும் அப்படித்தான், மார்பு பெரிதானால் இடுப்பும் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். ஆனால் நீளத்துக்கும் சுற்றளவுக்கும் இடையே உறவு பலவீனம். ஒருவரின் வயிற்றை அளந்துவிட்டு அவர் கால் நீளத்தைச் சொல்ல முடியாது. ஒற்றை எண்ணால் ஓடும் சைஸ் முறை இந்த இடத்தில்தான் முதலில் சறுக்குகிறது.

'சராசரி உடம்பு' என்று ஒன்று உண்டா என்பதையே 1952இல் அமெரிக்க விமானப்படை ஆய்வாளர் கில்பர்ட் டேனியல்ஸ் சோதித்துப் பார்த்தார். அந்தப் படையின் 4,063 பேரின் அளவுகள் அவர் கையில் இருந்தன. உடை தைக்கப் பயன்படும் 10 அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் சராசரியை ஒட்டிய நடு 30 சதவீதத்துக்குள் வந்தால் போதும், அவரைச் சராசரி மனிதர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். தாராளமான வரையறைதான். பத்திலும் தேறியவர் ஒருவர்கூட இல்லை! மூன்றே அளவுகளை எடுத்துப் பார்த்தாலும் தேறியவர்கள் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு. இத்தனைக்கும் அவர்கள் எல்லாரும் இள வயதினர், உயரமும் எடையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

பெண்களுக்கான அளவுகளில் நிலைமை இன்னும் மோசம். 1939, 40இல் அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது, ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். மாபெரும் வேலைதான், ஆனால் வெள்ளை இனப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் சேர்த்தார்கள். 1958இல் இதை ஒட்டி ஒரு வணிகத் தரநிலை வந்தது. அதில் எண்ணோடு உயரத்துக்கு ஓர் எழுத்து, இடுப்புக்கு ஒரு குறி என்று மூன்று தகவல்கள் இருந்தன. அறிவியல் ரீதியாக அது இன்றைய முறையைவிட மேல் என்பேன். ஆனால் அத்தனை வகை தைத்து, அடுக்கி, விற்க யாருக்கும் பொறுமை இல்லை. 1983இல் அந்தத் தரநிலையையே விலக்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொள்கிறது. வாங்குபவர் மனம் குளிர வேண்டும் என்று பெரிய அளவுக்குச் சிறிய எண்ணை ஒட்டும் பழக்கமும் வளர்ந்துவிட்டது.

நிறுவனங்களின் கஷ்டத்தையும் பார்க்கத்தான் வேண்டும். மார்பு, வயிறு, தோள், கை, உயரம் என்று ஐந்தே அளவுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து படிகள் என்று வைத்தால் மொத்தம் 3,125 வகைச் சட்டைகள் வேண்டும், அதுவும் ஒரே நிறத்தில். கடையில் தொங்குவது ஐந்தோ ஆறோ.

சரி, எல்லா அளவையும் சரியாக எடுத்துவிட்டால் பொருந்திவிடுமா? அதுவும் இல்லை. டேப் சுற்றளவைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. மூன்று பேருக்கு இடுப்பின் கீழ்ச் சுற்றளவு சரியாக 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வயிறு தட்டை, பின்பக்கம் எடுப்பு. இன்னொருவருக்கு வயிறு முன்னால் வந்திருக்கிறது, பின்பக்கம் தட்டை. மூன்றாமவருக்கு முன்னும் பின்னும் தட்டை, பக்கவாட்டில் அகலம். டேப்புக்கு மூவரும் ஒன்றுதான், பேன்டுக்கு மூவரும் வேறு. கால்களுக்கு நடுவே முன் பட்டியிலிருந்து பின் பட்டிக்கு வளைந்து போகும் தையலை நினைத்துப் பாருங்கள். முதலாமவருக்கு அது பின்பக்கம் நீளமாக வேண்டும். இல்லையென்றால் உட்காரும்போது பின் பட்டி கீழே இறங்கும். இரண்டாமவருக்கு முன்பக்கம் நீளம் வேண்டும், இல்லாவிட்டால் முன் பட்டி வயிற்றுக்கு அடியில் வழுக்கிவிடும். மூவருக்கும் ஒரே வளைவை வெட்டினால் யாராவது ஒருவர் நாள் முழுக்கப் பேன்டை மேலே இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்கு அடியில் ஒரு கணித உண்மை இருக்கிறது. ஒரு பந்தின் மேல் காகிதத்தைச் சுற்றினால் எங்காவது கசங்கத்தான் செய்யும். எல்லாத் திசையிலும் வளைந்த பரப்பைத் தட்டையான தாளால் நீட்டாமல் கிழிக்காமல் மூட முடியாது; 1827இல் ஜெர்மன் கணித மேதை காஸ் இதைக் கணிதமாக நிறுவினார். மார்பு, தோள் முனை, பின்பக்கம் எல்லாமே இப்படிப்பட்ட பரப்புகள். துணியை அங்கே குவிக்கத்தான் தையல்காரர்கள் டார்ட் பிடிக்கிறார்கள், அதாவது துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கிறார்கள். நெய்த துணியில் இன்னொரு வசதியும் உண்டு: பாவும் ஊடையும் நேராக இழுத்தால் நீளாது, மூலைவாட்டில் இழுத்தால் நூல்களின் கட்டங்கள் சாய்ந்து துணி இளகிக் கொடுக்கும். கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டிய உடை உடம்போடு ஒட்டி விழுவதன் ரகசியம் இதுதான். 1920களில் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே இந்த வெட்டை ஒரு கலையாகவே ஆக்கினார். ஆனால் கிராஸ் கட்டிங்கில் துணி நிறைய வீணாகும், டார்ட்டுக்கு நேரம் ஆகும். மலிவு உடைகளில் முதலில் வெட்டு விழுவது இவற்றின் மேல்தான்.

தொழிற்சாலையில் முதலில் ஒரு நடுத்தர சைஸைத்தான் ஒருவர் உடம்பில் போட்டுப் பார்த்துச் சரிசெய்வார்கள். மற்ற சைஸ்களெல்லாம் அதிலிருந்து கணக்குப் போட்டுப் பெருக்கியவை, குறுக்கியவை. மார்பு கூடினால் தோளும் கையும் கழுத்தும் சேர்ந்து கூடும். மனித உடம்பு அப்படி வளர்வதில்லை. எடை கூடும்போது வயிறும் மார்பும்தான் பெரிதாகின்றன. தோள் எலும்பு வளர்ந்து ஆறேழு மில்லிமீட்டர் நீண்டுவிடாது. பெரிய சைஸ் சட்டைகளில் தோள் தையல் கைக்கு இறங்கி, கை விரல்வரை தொங்குவது இதனால்தான்.

கைக்குழி என்று தையல்காரர்கள் சொல்லும் அக்குள் வளைவில்தான் எனக்குப் பெரிய புகார். ரெடிமேடில் இதை ஆழமாக வெட்டிவிடுகிறார்கள். எந்தக் கையும் நுழையும், ட்ரையல் ரூமில் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது வசதியாகவும் இருக்கும். கையைத் தூக்கிப் பாருங்கள், சட்டை மொத்தமும் இடுப்பிலிருந்து எழுந்து வரும். கை திரும்புவது தோள் மூட்டில். கைக்குழி அக்குளை ஒட்டி இருந்தால் துணியும் ஏறக்குறைய அதே இடத்தில் திரும்பும். கீழே இறங்கிவிட்டால் கைக்கும் உடம்புக்கும் நடுவே துணி ஒரு சவ்வு போல விறைத்துக்கொள்ளும். கை உயர உயர அந்தச் சவ்வுக்கு நீளம் போதாமல் சட்டையையே மேலே இழுக்கும். பிடிக்கிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் கைக்குழி இன்னும் இறங்கும், பல நேரம் தொல்லை கூடத்தான் செய்யும்.

அசைவு என்பதே சைஸ் அட்டவணைக்கு வெளியே இருக்கும் சங்கதி. முழங்காலை மடக்கும்போது அங்கே தோல் நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீள்கிறது. தோல் நீளும், காட்டன் நீளாது; அதனால் துணி வேறு இடத்திலிருந்து நழுவி வர வேண்டும், அல்லது தளர்வாக இருக்க வேண்டும். 1958இல் டியூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய, ரப்பர் போல நீளும் ஸ்பான்டெக்ஸ் இழை இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்தது. கூடவே, மோசமான வெட்டையும் அது நன்றாக மறைத்துவிடுகிறது.

அப்புறம், ஒரே சைஸில் இரண்டை எடுத்தாலும் அவை ஒன்றாக இருக்காது. பல அடுக்குத் துணியை ஒன்றாக வெட்டும்போது மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும். தைக்கும்போது இன்னும் கொஞ்சம். மார்பில் 1 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருந்தால் தேறிவிடும். ஆக, ஒரே எண் போட்ட இரண்டு சட்டைகளுக்கு நடுவே 2 சென்டிமீட்டர் வித்தியாசம் தாராளமாக வரலாம். தைத்த பிறகு சலவை செய்யும் ஜீன்ஸில் இது இன்னும் அதிகம். வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீர் தன் வேலையைக் காட்டும்: நனைந்த பருத்தி நூல் பருக்கும், பருத்த நூலைச் சுற்றி வர குறுக்கு நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும், அந்த நீளத்துக்காகத் துணி சுருங்கும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது தோளையும் கைக்குழியையும் முதலில் பாருங்கள். அவற்றைத் திருத்த வேண்டுமென்றால் சட்டையைப் பிரித்து மறுபடி தைப்பதுபோல ஆகிவிடும். கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், குனியுங்கள். நீளத்தையும் பக்கத் தையலையும் டெய்லர் சுலபமாகப் பிடித்துக்கொடுப்பார். பெரிதாக்குவது என்றால் உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சட்டைகளில் தையலுக்கு அப்பால் பெரும்பாலும் 1 சென்டிமீட்டர் துணிகூட இருக்காது, ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருப்பார்கள். ஃபார்மல் பேன்டில் மட்டும் இடுப்பின் பின்பக்க நடுத்தையலில் கொஞ்சம் தாராளமாக விட்டிருப்பார்கள். பிரித்தால் 2, 3 சென்டிமீட்டர் கிடைக்கும்.